உலர்த்தல் ஒன்று, வழிகள் மூன்று: சொற்கள் பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

ஃப்ரீஸ் டிரையிங், ஸ்ப்ரே டிரையிங், சூப்பர்கிரிட்டிக்கல் டிரையிங் என்ற மூன்று உலர்த்தும் முறைகளுக்கும் தமிழ்ச் சொற்கள் பற்றி எழுதுகிறேன். முதலில், உறையவைத்து உலர்த்தும் ஃப்ரீஸ் டிரையிங் என்பதற்கு 'உறைபனி உலர்த்தல்' வேண்டாம் என்பது என் கருத்து. உறைபனி விடியலில் புல்மேல் படிவது. இங்கே நாம் உறைய வைப்பதோ கரைசலை.

அலுமினாத் (அலுமினியம் ஆக்சைடு) தூளைத் தாமிர அசிட்டேட் கரைசலில் கலந்து, சாதாரண அடுப்பில் உலர்த்திப் பார்த்திருக்கிறேன். நீர் வற்ற வற்றத் தாமிர உப்பு ஓரத்துக்கு நகர்ந்து, கிண்ணத்தைச் சுற்றி நீலப்பச்சை வளையமாகப் படிந்துவிட்டது. நடுவில் வெளுத்த கட்டி. அதை ஹைட்ரஜனில் ஒடுக்கினால் (உப்பை உலோகமாக்கினால்) தாமிரம் ஓரிடத்தில் திரண்டும் இன்னோரிடத்தில் இல்லாமலும்தான் வரும். தாமிரம் நுண்துகள்களாகச் சீராகப் பரவிய நானோ கலவைப்பொருள் என்று சொல்லவே முடியாது. அதே கலவையை −196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் தெளித்தால் உப்பு நகர நேரமே இல்லை. துளி துளியாக உறைகிறது. பிறகு வெற்றிடத்தில் பனிக்கட்டி உருகாமல் நேரே ஆவியாகிறது (பதங்கமாதல்). உறைவதுதான் இங்கே வேலையின் உயிர். அதனால் 'பதங்க உலர்த்தல்' என்பதையும் விட்டுவிட்டு 'உறைவுலர்த்தல்' என்கிறேன். 'உறையுலர்த்தல்' என்றால் தலையணை உறை நினைவுக்கு வரும். உறைவுலர்த்து, உறைவுலர் தூள் என்று வினையும் அடையும் எளிதாகக் கிடைக்கின்றன.

சூடான காற்றில் தெளித்து உலர்த்தும் ஸ்ப்ரே டிரையிங்குக்குத் 'தெளிப்புலர்த்தல்' போதும். பால்பவுடர் செய்யும் முறையும் அதுதான்.

சிக்கல் மூன்றாவதான சூப்பர்கிரிட்டிக்கல் டிரையிங்கில். கார்பன் டைஆக்சைடை 31 டிகிரிக்கும் சுமார் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் திரவம், வாயு என்ற எல்லையே மறைந்துவிடும். அந்த நிலையில் அதை வெளியேற்றினால், உலரும் களியின் (ஜெல்) நுண்துளைச் சுவர்களை உள்ளிழுக்கும் பரப்பு இழுவிசையும் இல்லை. கிரிட்டிக்கல் என்பதற்கு இலங்கையில் 'அவதி' என்கிறார்கள் (கிரிட்டிக்கல் ஆங்கிள் அங்கே அவதிக் கோணம்). தமிழ்நாட்டுக் காதுக்கு அது துன்பமாகக் கேட்கும். நம் பாடநூலில் 'மாறுநிலை' இருக்கிறது. எனவே 'மாறுநிலை கடந்த உலர்த்தல்'. நீளம்தான், ஆனால் பொருள் தெளிவு.

அப்புறம், ஸீரோஜெல்லுக்கு ஒரு சொல். சாதாரணமாக உலரும் களி சுருங்கி இறுகிவிடும். நம் வீட்டு மாடியில் கத்தரிக்காய் அப்படிச் சுருங்கினால் வற்றல் என்கிறோம். ஆகவே 'வற்றற்களி'. 1931-இல் வேதியியலாளர் கிஸ்ட்லர் களியைச் சுருங்கவிடாமல், உள்ளிருந்த திரவத்தின் இடத்தில் காற்றை நிரப்பிக் காட்டினார், அது 'காற்றுக்களி' (ஏரோஜெல்). இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னாலே வேறுபாடு மாணவருக்குப் புரியும்.

'மாறுநிலை கடந்த' என்பதைவிடச் சிறிய சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். 'மீமாறுநிலை' எனக்கு வாயில் நுழையவில்லை.