அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிக் காசு குறைந்து வருகிறது, யாருக்காவது வழி தெரியுமா?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேண்டும். நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனை. கணவர் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை செய்தவர். முதுகு பிடித்துப் படுத்ததிலிருந்து அஸ்வெசும காசில்தான் வீடு ஓடுகிறது. மிக வறிய குடும்பம் என்று 17,500 ரூபாய் வந்துகொண்டிருந்தது. இப்போது 10,000தான் விழுகிறது, அதுவும் பிந்தி. வங்கியில் கேட்டால் ஜீ.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) போகச் சொல்கிறார்கள். அவர் பிரதேச செயலகத்தைக் காட்டுகிறார். அங்கே போனால் ‘சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது’ என்று பதில். அந்தச் சிஸ்டத்துக்கு வாய் இருந்தால் அதனிடமே கேட்டிருப்பேன்.

10,000 என்பது வறியவர் பிரிவுக்கான தொகை. எங்களைப் பிரிவு மாற்றிவிட்டார்களோ என்று சந்தேகம். இப்படி நடந்தவர்கள் மேன்முறையீடு எப்படிச் செய்தீர்கள்? மருந்துத் துண்டு, லைட் பில் தவிர வேறென்ன கேட்டார்கள்? குறைந்த காசு பிறகு சேர்ந்து வந்ததா? சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதித் தரக்கூடியவர் இருந்தால் பெரிய உபகாரம்.

கடைக் கொப்பியில் பாணும் பருப்பும் ஏறிக்கொண்டே போகின்றன. முதலாளி நல்லவர், இன்னும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் பால்மா மட்டும் கடனுக்கு இல்லையாம். இந்தப் பக்கம் உலர் உணவு கொடுக்கும் கோவிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ தெரிந்தாலும் சொல்லுங்கள், நானே போய்க் கேட்கிறேன்.