மறு: சூடேறிய சில்லு வேகம் குறைப்பதற்குச் சொல் – ‘தணிவோட்டம்’ என்பது என் பரிந்துரை

வணக்கம்.

கணினியின் மூளையான சில்லு (பிராசஸர்) சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘தெர்மல் திராட்லிங்’ (thermal throttling) எனப்படும் இதற்குத் தமிழில் என்ன சொல் என்று நம் குழுவில் கேட்கப்பட்டது. ‘வெப்ப ஒடுக்கம்’, ‘வெப்ப மட்டுப்படுத்தல்’, ‘வெப்பத் திணறல்’ என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் இரண்டு நாளாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. ‘தணிவோட்டம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் இங்கே கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டுப் பகுதி நேர வேலை செய்து சேர்த்த காசில் ஒரு கேமிங் கணினி கட்டியிருந்தான். அடுக்குமாடி வீடு, மேசையில் இடம் கிடையாது. அதனால் கேசிங் (கணினிப் பெட்டி) பத்து லிட்டர்தான். ரைஸ் குக்கரைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே பாகங்களைப் பொருத்தும் தாய்ப்பலகை, 17 சென்டிமீட்டர் சதுரம். 2001-இல் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் அளவு அது. சில்லின் மேல் 37 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு கூலர், பலகைக்கு முதுகு காட்டி மறுபக்கம், திரைப் படங்களை உருவாக்கும் 200 வாட் கிராஃபிக் கார்டு. சில்லு தன் பங்குக்கு 88 வாட் வரை இழுக்கும். அந்தக் காலத்து அறுபது வாட் குண்டு பல்புகள் ஐந்தை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் எரியவிட்டால் எப்படியிருக்கும், கிட்டத்தட்ட அதுதான்.

விளையாட ஆரம்பித்து ஐந்து நிமிடம் அருமையாக ஓடும். அப்புறம் லேக், படம் திக்கித் திக்கி நகரும். கடையில் காட்டியதற்கு, கார்டு போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையன் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான்.

வெப்பநிலை காட்டும் மென்பொருளை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு அவனை விளையாடச் சொன்னேன். 70, 82, 91. ஆறாவது நிமிடம் 95 பாகை செல்சியஸைத் தொட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்த சில்லு உடனே இறங்கத் தொடங்கி 4.3-இல் வந்து நின்றது. சூடு 95-ஐத் தாண்டவில்லை. கணினி அணையவும் இல்லை. பழுதான பாகம் என்று எதுவுமே இல்லை. சில்லு செய்யவேண்டியதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். கணினியை வைத்திருந்தது சாமி அலமாரிக்கு நேர் கீழே. காற்று நுழையும் வலையில் விளக்குப் புகையும் சாம்பிராணிப் பிசுக்கும் சேர்ந்து அப்பியிருந்தன. விரலால் தேய்த்தால் கண்மை மாதிரி ஒட்டியது. உள்ளே பவர் சப்ளையிலிருந்து வரும் கேபிள் கற்றை கூலரின் ஃபேன் மேலேயே சாய்ந்து கிடந்தது. காற்று எங்கே போகும்?

அக்கா அடுப்படியிலிருந்து கேட்டார்: “தம்பி, கார்டு போகலைன்னா அதுக்கு என்னதான் ஆச்சு? தமிழ்ல சொல்லேன்.”

எனக்கு ஆங்கிலச் சொல்தான் நாக்கில் வந்தது. சுற்றி வளைத்துச் சொன்னேன். சூடு ஓர் எல்லையைத் தொட்டால் சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் வேலையை நிறுத்தாது என்றேன்.

“ஓ, பால் பொங்க வந்தா அடுப்பைத் தணிச்சு வைக்கிற மாதிரியா?” என்றார் அக்கா.

அந்த இடத்திலேயே சொல் கிடைத்துவிட்டது. அடுப்பை அணைப்பது வேறு, தணித்து வைப்பது வேறு. அணைத்தால் சமையல் நின்றுபோகும். தணித்தால் கொதி அடங்கும், சமையல் நடந்துகொண்டே இருக்கும். சில்லுக்கும் இந்த இரண்டு நிலைகள் உண்டு. முதலில் வேகத்தைத் தணித்துப் பார்க்கும். அதற்கும் சூடு அடங்காமல் ஆபத்தான நிலைக்கு ஏறினால்தான் முழுதாக அணைந்துவிடும். இரண்டையும் பிரித்துச் சொல்ல நம் வீட்டுப் பேச்சில் ஏற்கெனவே இரண்டு வினைகள் இருக்கும்போது புதிதாக எங்கே போய்த் தேட வேண்டும்?

இனி, வந்த சொற்களைப் பற்றி.

‘வெப்ப ஒடுக்கம்’ ஆங்கில மூலத்தைப் பின்தொடர்கிறது. அங்கே ‘திராட்டில்’ என்பதன் அடிப்பொருள் தொண்டையை நெரிப்பது. நெரிப்பவர் வெளியில் இருந்தாக வேண்டும். இங்கே சில்லு தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. ‘ஒடுக்கம்’ என்றாலே யாரோ ஒடுக்குகிறார்கள் என்ற எண்ணம் எழுகிறது.

‘வெப்பத் திணறல்’ கேட்க நன்றாக இருக்கிறது, விளையாடுகிறவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்பதும் உண்மை. ஆனால் திணறல் என்பது முடியாமல் தவிப்பது. இந்தச் சொல்லைக் கேட்ட எவரும் பாகம் பழுது என்றே நினைப்பார். கடையில் நடந்ததும் அதுதானே. ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு நோயின் பெயரை வைக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

‘வெப்ப மட்டுப்படுத்தல்’ என்பதில் இருக்கும் சிக்கல் இலக்கணச் சிக்கல். இந்தத் தொகையை விரித்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது ‘வெப்பத்தை மட்டுப்படுத்தல்’. அது ஃபேன் செய்கிற வேலை. நமக்கு வேண்டியது ‘வெப்பத்தால் வேகத்தை மட்டுப்படுத்தல்’. உருபு மறைந்த தொகையில் அந்த வேறுபாடு தெரியாமலே போகிறது.

இதே குறை என் சொல்லுக்கும் வரும் என்று பினாங்கு நண்பர் தனி மடலில் சுட்டிக்காட்டினார். ‘வெப்பத் தணிவோட்டம்’ என்று எழுதினால் ‘வெப்பத்தணிவு’ தனியாகப் பிரிந்து, குளிர்விப்பது என்றாகிவிடும் என்றார். சரியான கேள்வி. அதனால் முன்னால் ‘வெப்ப’ சேர்க்கவே வேண்டாம், தணிவோட்டம் என்பதே போதும் என்கிறேன். காரணத்தையும் சேர்த்துச் சொல்லியே தீரவேண்டிய இடத்தில் ‘வெப்பவரம்புத் தணிவோட்டம்’ எனலாம். ‘வரம்பு’ நடுவில் வந்ததும் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. இதில் இன்னொரு வசதி: சூடு ஏறாமலே, இழுக்கும் மின்சாரம் எல்லையைத் தொட்டதாலும் சில்லு வேகம் குறைக்கும். அதற்கு ‘மின்வரம்புத் தணிவோட்டம்’. ஒரே வேரில் இரண்டும் வந்துவிடுகின்றன.

நண்பர் பினாங்கின் பாயான் லெப்பாசில் சில்லு சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறவர் என்பதால் அவர் சொல்வதை நான் கவனமாகவே கேட்பேன். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல்லின் முதல் ஆலை 1972-இல் அங்கேதான் வந்தது. நம் ஊர்க் கைகளுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பழகிய பொருளுக்கு நம் மொழியில் சொல் இல்லாமல் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அவர் கேட்ட இன்னொன்று: வேலை இல்லாதபோதும் சில்லு மெதுவாகத்தானே ஓடுகிறது, அதுவும் தணிவோட்டமா? இல்லை. அது ஓய்வு. வேலை காத்திருக்கும்போதே வேகம் குறைந்தால்தான் தணிவோட்டம். கலைச்சொல் குறிப்பில் இந்த வரி கட்டாயம் வேண்டும்.

புணர்ச்சி பற்றி ஒரு சொல். தணிவு + ஓட்டம், கதவு + அழகு கதவழகு ஆவது போல, தணிவோட்டம் ஆகிறது. உகரம் முற்றியலுகரம்தான், ஆனாலும் இப்படிக் கெடுவது வழக்கில் உண்டு. வினையாகவும் எளிதாகப் புழங்கும்: ‘சில்லு தணிந்து ஓடுகிறது’. பேச்சில் ‘தணிஞ்சு ஓடுது’. மட்டுப்படுத்தலை இப்படிப் பேச்சில் வைத்துப் பாருங்கள், வாய் இடறும்.

இந்தச் சொல் நமக்குக் குளிர்நாட்டுக்காரர்களைவிட அதிகம் தேவைப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். கூலர் எவ்வளவு நல்லதானாலும் அறைக் காற்றிடம்தான் சூட்டை ஒப்படைக்க முடியும். ஒரு கூலர் சில்லை அறையைவிட 60 பாகை மேலே வைத்திருக்கிறது என்று கொள்வோம். 22 பாகை அறையில் அது 82. ஏர்கோன் போடாத கோலாலம்பூர் வீட்டில், 32 பாகையில், அதே கூலர், அதே சில்லு, 92. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலான சில்லுகளுக்கு வரம்பு 95. மூன்று பாகைதான் மிச்சம். குளிரூட்டிய அறையில் எடுத்த காணொளியைப் பார்த்துவிட்டு லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் பாகம் வாங்கும் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு சொல் வேண்டும்.

அக்கா வீட்டில் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், சொல்லைப் புழங்கிக் காட்ட அதுவே எடுத்துக்காட்டு. வலையைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தேன். கேபிள்களைக் கட்டி ஓரமாக ஒதுக்கினேன். கேசிங்கைச் சாமி அலமாரிக்குக் கீழிருந்து சன்னல் பக்கம் மாற்றினேன். கடைசியாக, சில்லின் மின்வரம்பை 88 வாட்டிலிருந்து 65-க்கு இறக்கினேன். இதைச் செய்யப் பலர் தயங்குகிறார்கள், வேகம் போய்விடும் என்று. மின்வரம்பை இறக்கினால் சில்லு வேகத்தோடு மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்ளும். மின்னழுத்தம் குறைந்தால் சூடு அதன் இருமடிக் கணக்கில் குறையும் என்பதால், உச்சத்தில் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தாலே பெருமளவு சூடு குறைந்துவிடுகிறது. அன்றிரவு ஒரு மணி நேரம் விளையாடியும் 84-ஐத் தாண்டவில்லை, வேகம் 4.8-இல் ஆடாமல் நின்றது. இப்போது வேகத்தைக் கட்டுப்படுத்துவது மின்வரம்பு, வெப்பவரம்பு இல்லை; அதாவது இது மின்வரம்புத் தணிவோட்டம். பழைய கார்டுதான் இன்னும் உள்ளே இருக்கிறது.

குறிப்புக்கு என் வரைவு:

தணிவோட்டம் (பெயர்): வேலை இருக்கும்போதே, வெப்பமோ மின்சாரமோ வரம்பைத் தொட்டதால், சில்லு நிற்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்து ஓடுதல்.
தணிந்து ஓடு (வினை).

முழுதாக அணைந்துவிடும் நிலைக்கு ‘வெப்ப அணைவு’ என்று எழுதலாமா, ‘காப்பணைவு’ நல்லதா என்பதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஈப்போவில் தொழில்நுட்பப் பாடம் நடத்தும் ஆசிரியர் இந்தக் குழுவில் இருக்கிறார்; மாணவர்களிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்து எது ஒட்டுகிறது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து