மவுண்ட் பவர் சப்ளை தொல்லைகள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

செந்நிலா:

2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணம் இன்னும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. பள்ளி மைதானம், ஈக்யூ5 கோடூ மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கி மோட்டாரால் திருப்புவது), 6 இஞ்ச் நியூட்டோனியன் தொலைநோக்கி, 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. பேட்டரி வாங்கிய கடையிலேயே 5 மீட்டர் வயரும் முதலை கிளிப்பும் கொடுத்தார்கள், அதைத்தான் மாட்டியிருந்தேன். இரவு 11 மணிக்கு நிலா முழுசாகச் சிவந்தது. அதுவரை டிராக்கிங், அதாவது நிலாவின் நகர்வோடு மவுண்ட் தானே மெல்லத் திரும்புவது, நூல் பிடித்தாற்போல ஓடியது. வரிசையில் நின்ற ஒரு பாப்பா, "பக்கத்துல இருக்கறது சனியா சார்? வளையம் தெரியுமா?" என்று கேட்டாள். இந்த வருஷம் வளையம் வெறும் கோடாகத்தான் தெரியும், ஆனாலும் காட்டுகிறேன் என்று சொல்லி சனிக்கு கோடூ கொடுத்தேன், அதாவது மவுண்டைத் தானே அங்கே திரும்பச் சொன்னேன்.

மோட்டார் சத்தம் ஏறிய வேகத்தில் அப்படியே அமுங்கியது. சிவப்பு எல்இடி அணைந்து திரும்ப எரிந்தது. ஹேண்ட் கன்ட்ரோலரில் வெர்ஷன் நம்பர் ஓடி, ஊர், தேதி, நேரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டது. மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தால் 12.5. அலைன்மென்ட் (நட்சத்திரங்களை வைத்து மவுண்டுக்குத் திசை காட்டுவது) செய்து மறுபடி கோடூ கொடுத்தால் அதே கதை. 12.22க்கு முழு கிரகணம் முடிந்துவிட்டது. கடைசியில் கிளட்ச்சைத் தளர்த்திக் கையால் திருப்பி நிலாவையாவது காட்டினேன். சனி கேட்ட பாப்பா அதற்குள் அம்மாவோடு போய்விட்டாள்.

12.5 காட்டும் பேட்டரியில் மவுண்ட் ஏன் சாக வேண்டும்? உங்களுக்கு இப்படி நடந்ததா, எழுதுங்கள்.

கொல்லிமலைக் காற்று:

பேட்டரிதான் சார். சந்தேகமே வேண்டாம். எனக்கு கொல்லிமலையில் இதே மாதிரி ஆனது, பேட்டரி மாற்றினேன், தீர்ந்தது.

7 ஏஎச் என்று மேலே போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அது 20 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக, அதாவது 0.35 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் கணக்கு. 3 ஆம்பியர் இழுத்தால் அந்த அளவு வராது. அப்புறம், சும்மா இருக்கும்போது 12.7 காட்டினால் ஃபுல், 12.2 வந்தால் பாதி காலி. 12.5 என்பதே கொஞ்சம் இறங்கியதுதான். கடை அலமாரியில் சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் கிடந்த ஈய அமில பேட்டரியில் தகடு மேல் சல்பேட் படிந்துவிடும். மீட்டர் நல்ல நம்பர் காட்டும், லோடு கொடுத்தால் விழுந்துவிடும். இதைச் சோதிக்க ஒரு கார் ஹெட்லைட் பல்பு போதும். 55 வாட் ஹாலஜன் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பல்பை எரியவிட்டு பேட்டரி முனையில் மீட்டரை வைத்துச் சில நிமிஷம் பாருங்கள். 11.5க்குக் கீழே சரசரவென்று இறங்கினால் அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள். பல்பு சூடாகும், கையில் பிடிக்காதீர்கள். வாங்கும்போதே 18 அல்லது 26 ஏஎச் பாருங்கள். வருஷம் முழுக்க மாதம் ஒரு தடவையாவது சார்ஜ் போடுங்கள். காலியாகவே வைத்திருந்தால் எந்தக் கம்பெனி பேட்டரியும் தாங்காது.

வயர்மேன்:

கொல்லிமலை அண்ணா, பேட்டரி முனையில் லோடோடு அளக்கவே இல்லை, அதற்குள் எப்படி முடிவு கட்டினீர்கள்? செந்நிலா சார் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்த 5 மீட்டர் வயர்தான்.

ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம் ஒரு கூட்டத்தோடு போயிருந்தேன். ஒரு பையனுடைய மவுண்ட் ஒவ்வொரு ஸ்லூவுக்கும் (வேறு இடத்துக்கு வேகமாகத் திரும்புவது) ரீசெட் ஆனது. மூன்று பேர் மூன்று பேட்டரி கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நான் இருட்டில் வயரைத் தடவிப் பார்த்தேன். கிளிப்புக்குப் பக்கத்தில் வெதுவெதுவென்று இருந்தது. கழற்றினால் உள்ளே நாலைந்து இழைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது, மற்றதெல்லாம் பிய்ந்து வெளியே. அந்தச் சூடு இன்னும் விரலில் ஞாபகம் இருக்கிறது.

கணக்கு சின்னது. 5 மீட்டர் வயர் என்றால் போக வர 10 மீட்டர். 0.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயரில் அதன் ரெசிஸ்டன்ஸ் 0.35 ஓம். 3 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். அலுமினியம் மேல் செம்பு பூசிய வயர் என்றால் இன்னும் மோசம். இந்த வகை மவுண்டுக்கு 11 வோல்ட்டுக்குக் குறையாமல் வர வேண்டும். பேட்டரியில் அளந்து என்ன பயன்? மவுண்ட் சாக்கெட்டில், ஸ்லூ ஓடும்போது அளக்க வேண்டும். டிராக்கிங் ஓடும்போது கொஞ்சம்தான் இழுக்கும், அதனால்தான் நிலாவைப் பார்த்தவரை ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மோட்டாரும் சேர்ந்து முழு வேகத்தில் கிளம்பும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மெரிடியன்:

எனக்கு ஸ்லூவே இல்லாமல் நடந்தது, அதனால் இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் பொருந்தவில்லை. தூத்துக்குடி, மொட்டை மாடி, ஓரியன் நெபுலா. கைடிங் (ஒரு நட்சத்திரத்தைக் கேமராவில் பார்த்து டிராக்கிங்கைத் திருத்திக்கொண்டே இருப்பது) அருமையாகப் போய்க்கொண்டிருக்கும், ஓரியன் மேற்கே சாய ஆரம்பித்ததும் மவுண்ட் அணைந்து எரியும். மறுநாளும் ஏறக்குறைய அதே இடத்தில். வானத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் வந்தால் பவர் போகிறது என்றால் யாராவது நம்புவார்களா? வீட்டில் யாரும் நம்பவில்லை.

ஒரு ராத்திரி தலையில் மாட்டும் விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் குனிந்து, பவர் பிளக்கை ஒரே ஒரு விரலால் மெல்லத் தொட்டேன். எல்இடி கண் சிமிட்டியது. விரலை எடுத்தேன், நின்றது. தொட்டேன், சிமிட்டியது. அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் இதுதான். பிளக்கின் வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர், அது எல்லாவற்றிலும் ஒன்று. உள்ளே ஓட்டை 2.1, 2.5 என்று இரண்டு வகை. மவுண்டின் ஊசி 2.1. எனக்கு வந்திருந்த பிளக் 2.5. நன்றாக உள்ளே போகும், போய் ஆடிக்கொண்டிருக்கும். மவுண்ட் சுழலச் சுழல கேபிள் பிளக்கைப் பக்கவாட்டில் இழுக்கும், ஒரு கோணத்தில் தொடர்பு விட்டுப்போகும். கண்ணுக்குத் தெரியாத நேரம் விட்டுப்போனாலே உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் ரீசெட் ஆகிவிடும். போதாததற்குக் கடற்காற்றில் பிளக்கின் உள்சுவரில் பச்சை பூத்திருந்தது. 2.1 பிளக் போட்டு, கேபிளை மவுண்டின் உடம்பிலேயே ஒரு வெல்குரோ பட்டையால் கட்டினேன். இப்போது இழுப்பெல்லாம் பட்டையில், பிளக்கில் இல்லை.

ராக்கால மாடி:

இது ரீசெட் கதை இல்லை, ஆனால் பவர் சப்ளை கதைதான். மதுரை, மழை விட்ட மறுநாள், மாடித் தரை ஈரம், வெறுங்கால். அடாப்டரில் மவுண்ட் ஓடுகிறது. டிரைபாட் காலைத் தொட்டால் விரலில் ஊர்கிற மாதிரி ஒரு கூச்சம். என் கற்பனை என்று விட்டுவிட்டேன். என் தம்பி டெஸ்டர் கொண்டுவந்து டிரைபாட் போல்ட்டில் வைத்தான். நியான் மங்கலாக எரிந்தது. 12 வோல்ட் சாமானில் டெஸ்டர் எரிகிறது! அந்த ஆரஞ்சு வெளிச்சத்தைப் பார்த்ததும் இருவரும் இரண்டடி பின்னால் போனோம்.

இரண்டு பின் அடாப்டர்தான் காரணம். இரைச்சலைக் குறைக்க மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் அது வழியாகக் கொஞ்சம் கசியும். மல்டிமீட்டரை ஏசியில் வைத்தால் 230இல் பாதி அளவுக்குக் காட்டும், ஆனால் கரன்ட் மில்லிஆம்பியர் கூட வராது. மனுஷனுக்குக் கூச்சத்தோடு போய்விடும். ஆனால் லேப்டாப் இன்னொரு அடாப்டரில், மவுண்ட் இந்த அடாப்டரில், நடுவில் யுஎஸ்பி கேபிள். செருகிய நொடியில் என் கேமராவின் யுஎஸ்பி ஹப் செத்துப்போனது. இதனால்தான் என்று என் நம்பிக்கை. இப்போது எர்த் உள்ள மூன்று பின் சப்ளை, எல்லா கேபிளும் மாட்டிய பிறகே சுவிட்ச். டிரைபாடிலிருந்து ஒரு வயர் இழுத்துத் தண்ணீர்க் குழாயில் கட்டு என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா?

வயர்மேன்:

வேண்டாம் சார், குழாயில் கட்டாதீர்கள். இப்போது முக்கால்வாசி வீட்டில் பிவிசி குழாய், அது எர்த்தே இல்லை. இரும்புக் குழாய் என்றாலும், வேறு எங்கோ ஒரு கோளாறு வந்தால் குளிக்கிறவர் மேல் பாயும். சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் வயரே இருக்காது, அப்படி எத்தனையோ வீடு பார்த்துவிட்டேன். போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் மாடியில் 230 வோல்ட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைக்கவே கூடாது. பனி விழுந்த புல் மேல் அந்தப் பாக்ஸை வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. வெளியே போனால் பேட்டரி மட்டும்.

பனிப்புலம்:

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே வில்லன் குளிர். வெப்பநிலை மைனஸ் 15, ஊருக்கு வெளியே வயல்வெளி. ஈய அமிலப் பற்றரி இந்தக் குளிரில் கிட்டத்தட்டப் பாதிதான் தரும். அதே நேரம் மவுண்டுக்குள் இருக்கிற கிரீஸ் இறுகி, மோட்டர் வழமையைவிடக் கூட இழுக்கும். அன்றைக்குக் கபெல்லா நட்சத்திரத்துக்குத் திருப்பினேன். சத்தம் வரவரத் தடித்துக்கொண்டு போனது, எல்இடி முதலில் மெதுவாகவும் பிறகு படபடவென்றும் மின்னத் தொடங்கியது. மெதுவாக மின்னினால் வோல்ட் குறைவு, வேகமாக மின்னினால் மிகக் குறைவு என்பது என் மவுண்டின் கையேட்டில் உள்ளது. கையுறையோடு பட்டன் அமத்தவும் முடியவில்லை. அப்படியே நின்றுவிட்டது.

இப்போது லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி, பிக்னிக் கூலர் பெட்டிக்குள். இரவு முழுக்க 13 வோல்ட் அளவில் அசையாமல் நிற்கிறது. ஒன்று மட்டும் கவனம்: பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணக்கூடாது, கலம் கெட்டுவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து சூடு ஏறிய பிறகுதான் சார்ஜ்.

கொல்லிமலைக் காற்று:

பனிப்புலம் அண்ணா சொல்வது சரி. ஆனால் இங்கே லித்தியம் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்து நீட்டுவது வேறு வகை. மூன்று செல் லித்தியம் அயான், மேலே 12 வோல்ட் என்று எழுதியிருக்கும். ஃபுல் சார்ஜில் 12.6, பாதி தீர்வதற்குள் 11.1 பக்கம் வந்துவிடும், அதில் வயர் இழப்பையும் கழித்தால் மவுண்ட் தாங்காது. சிசிடிவிக்கும் ரௌட்டருக்கும் அது நல்ல சாமான்தான். நமக்கு வேண்டியது நாலு செல் இரும்பு பாஸ்பேட், 12.8 வோல்ட் என்று போட்டிருக்கும். உள்ளே உள்ள பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) தொடர்ந்து எத்தனை ஆம்பியர் விடும் என்றும் கேளுங்கள். சார்ஜரும் அதற்கென்றே உள்ளது வேண்டும், பழைய ஈய அமில சார்ஜரைப் போடாதீர்கள். ஈய அமில பேட்டரியே போதும் என்பவர்கள் தூக்கிச் சுமக்கத் தயாராக இருங்கள், 26 ஏஎச் 8 கிலோ வரும்.

தூசுமேகம்:

என் கதை சின்னது. நட்சத்திரமெல்லாம் முட்டை வடிவம். கைடிங் கிராஃபில் சில விநாடிகளுக்கு ஒரு முறை குத்து. போலார் அலைன்மென்ட் (மவுண்டின் அச்சை வான துருவத்துக்கு நேராக வைப்பது), பேலன்ஸ், காற்று என்று பார்க்காத இடமில்லை. கிராஃபைப் பார்த்துக்கொண்டே தற்செயலாக டியூ ஹீட்டரை (லென்ஸில் பனி படியாமல் சூடாக்கும் பட்டை) அணைத்தேன், கோடு சட்டென்று படுத்துக்கொண்டது. ஹீட்டரும் மவுண்டும் ஒரே மெல்லிய கேபிளிலிருந்து பிரிந்து போயின. ஹீட்டர் கன்ட்ரோலர் விட்டுவிட்டு எரியவைக்கும், ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கி ஏறும். இப்போது ஹீட்டருக்குத் தனி வயர், நேராகப் பேட்டரியிலிருந்து. நம் ஊர் மார்கழிப் பனியில் ஹீட்டர் இல்லாமல் முடியாது, அதனால் இதை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செந்நிலா:

அளந்துவிட்டேன். அதே பேட்டரி, அதே வயர், ஸ்லூ ஓடும்போது. பேட்டரி முனையில் 12.5லிருந்து 12.1க்கு இறங்கியது. மவுண்ட் சாக்கெட்டில் 10.3. பேட்டரிக்கும் மவுண்டுக்கும் நடுவில் மட்டும் 1.8 வோல்ட் காணோம். வயர்மேன் சார் கணக்குப்படி வயரில் ஏறக்குறைய 1.1 போகிறது. மீதி 0.7 எங்கே என்று ஒவ்வொரு மூட்டாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். முதலை கிளிப்பில் பாதி, பிளக்கில் பாதி. மெரிடியன் சொன்னது போல பிளக் 2.5தான், லேசாக ஆடுகிறது.

இப்போது 2 மீட்டர் 2.5 ஸ்கொயர் வயர், பேட்டரி முனையில் திருகும் லக் (வயர் முனையில் அழுத்தும் உலோக வளையம்), 2.1 பிளக். பேட்டரியை டிரைபாட் கீழேயே வைத்துவிட்டேன். அடிவானத்திலிருந்து உச்சிக்கு முழு வேகத்தில் ஸ்லூ கொடுத்தால் சாக்கெட்டில் 11.9. கொல்லிமலை அண்ணா சொன்ன பல்புச் சோதனையும் செய்தேன், பேட்டரி தேறிவிட்டது. அந்தப் பள்ளியில் மறுபடி ஒரு சனிக்கிழமை கேட்டிருக்கிறேன்.

வயர்மேன்:

நல்லது சார். ஒன்று விட்டுப்போனது. கிளிப்பை எடுத்துவிட்டு 2.5 ஸ்கொயர் போட்டுவிட்டீர்கள், இனி ஷார்ட் ஆனால் அந்த வயர் எரியும் அளவுக்கு பேட்டரி கரன்ட் கொடுக்கும். பாசிட்டிவ் வயரில், பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போடுங்கள். கார் உதிரிபாகக் கடையில் ஹோல்டரோடு கிடைக்கும். பிளக்கில் நடு ஊசி பாசிட்டிவ்தானா என்று மீட்டரில் பார்த்த பிறகே மவுண்டில் செருகுங்கள். பிள்ளைகள் ஓடுகிற மைதானம், பேட்டரி முனைகளுக்கு மூடி போட மறந்துவிடாதீர்கள்.