வியட்நாம் போர்ப் படங்களில் வியட்நாம் எங்கே?

ஆற்றுமணல்:
'அபோகாலிப்ஸ் நௌ' (1979), 'பிளட்டூன்' (1986), 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' (1987) மூன்றையும் இந்த வாரம் மறுபடி பார்த்தேன். மூன்றும் பெரிய படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பெயரோடு மனதில் நிற்கிற ஒரு வியட்நாமியர்கூட இல்லை. அமெரிக்கர்கள் சுமார் 58,000 பேர் செத்தார்கள். வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட கணக்கில் பொதுமக்கள் மட்டுமே 20 லட்சம். அவர்கள் திரையில் ஓடுகிறார்கள், விழுகிறார்கள். அவ்வளவுதான்.

கடைசி ரீல்:
யார் கதையோ அவர் கண்ணால்தானே படம் பார்க்கும், நண்பரே? 'பிளட்டூன்' எடுத்த ஆலிவர் ஸ்டோன் 1967இல் காலாட்படை வீரராக அங்கே போனவர். அந்தப் படத்தின் கிராமத்துக் காட்சியை நினைத்துப் பாருங்கள். குடிசைகளுக்குத் தீ வைத்த அதே வீரர்கள், அந்த ஊர்க் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அமெரிக்க வீரர்கள் ஊர்மக்களைக் கொன்று குவித்த மை லாய் படுகொலை நடந்தது 1968இல். 'இதைச் செய்தது நாம்தான்' என்று சொந்த ஊர்க்காரர்களை உட்காரவைத்துக் காட்டுவது லேசான காரியமா?

ஆற்றுமணல்:
லேசான காரியம் இல்லை, சரி. அப்புறம் 'தி டீர் ஹண்டர்' (1978)? கைதிகளைத் தலையில் துப்பாக்கி வைத்துச் சூதாட வைக்கிறார்கள் வியட்நாமியர்கள். அப்படி ஒரு சம்பவம்கூடப் பதிவாகவில்லை என்று அந்தப் போரை நேரில் பார்த்து எழுதிய நிருபர் பீட்டர் ஆர்னெட் சொன்னார். படத்துக்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. பார்த்தவர்கள் மனதில் பதிந்தது எது?

கடைசி ரீல்:
அந்தப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

நாணல்:
வியட்நாமியர்களே எடுத்த படங்களை நீங்கள் இருவருமே தொடவில்லையே. 'கைவிடப்பட்ட வயல்', 1979. இயக்கியவர் நுயென் ஹாங் சென். மெகாங் கழிமுகத்தில் வெள்ளக்காட்டின் நடுவே ஒரு கணவன், மனைவி, கைக்குழந்தை. கண்ணில் பட்ட எவரையும் சுடலாம் என்று அமெரிக்கப் படை அறிவித்த பகுதி அது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் குழந்தையை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டி, தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு தாங்களும் மூழ்குவார்கள். நானும் பிள்ளை பெற்றவள். அந்த இடத்தில் என்னால் மூச்சுவிட முடியவில்லை. 'அபோகாலிப்ஸ் நௌ'வும் அதே ஆண்டில்தான் வந்தது. அதில் நாம் ஹெலிகாப்டருக்குள் உட்கார்ந்திருக்கிறோம், இதில் தண்ணீருக்கடியில்.

கடைசி ரீல்:
அது அரசு எடுத்த படம் இல்லையா? எதிரி அரக்கனாகத்தானே இருப்பான்?

நாணல்:
அரசு ஸ்டுடியோ படம்தான், 1981இல் மாஸ்கோ திரைப்பட விழாவில் தங்கப் பரிசும் வாங்கியது. ஆனால் முடிவைப் பாருங்கள். கணவனைக் கொன்ற ஹெலிகாப்டரை மனைவி சுட்டு வீழ்த்துகிறாள். செத்துக் கிடக்கும் விமானியிடம் இருந்த ஒரு புகைப்படத்தில் அவன் மனைவியும் குழந்தையும். இந்த மரியாதையை ஹாலிவுட் எந்த வியட்நாமியச் சிப்பாய்க்குக் கொடுத்தது?

ஆற்றுமணல்:
இதைத்தான் சொல்ல வந்தேன். 1990இல் வளைகுடாவுக்குப் போகும் முன் தன் முகாமில் வியட்நாம் படங்களைப் போட்டுப் பார்த்து ஆர்ப்பரித்ததை அமெரிக்க மரைன் வீரராக இருந்த ஆண்டனி ஸ்வோஃபோர்ட் எழுதியிருக்கிறார். போரை எதிர்க்க எடுத்த படம் வீரர்களுக்கு வெறியேற்றுகிறது. 'அபோகாலிப்ஸ் நௌ'வில் வாக்னர் இசையோடு ஹெலிகாப்டர்கள் பாயும்போது எனக்கே சிலிர்த்தது. சிலிர்த்ததுதான் பயமாக இருக்கிறது.

கடைசி ரீல்:
அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். இசை உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று வெட்டி, அமைதியான ஒரு பள்ளிக்கூட முற்றத்தைக் காட்டுவார் இயக்குநர் கொப்போலா. பிள்ளைகளை அவசரமாக வெளியே அழைத்துப் போவார்கள். அந்த அமைதிக்காகத்தான் அத்தனை இரைச்சலும் என்று நான் நம்புகிறேன்.

நாணல்:
அந்தப் பிள்ளைகள் எங்கே போய் ஒளிந்தார்கள் என்று கேமரா பின்னாலேயே போயிருந்தால் நானும் நம்பியிருப்பேன், அண்ணா.