பாப்பா பேர் எழுத்து, அவசரம்!!

பாலக்கோடு அப்பன்:
பாப்பாவுக்கு வீட்ல கூப்பிடற பேரை எப்படி எழுதறதுன்னு காலையில இருந்து சண்டை. அம்மா ஒண்ணு சொல்றாங்க, வீட்டுக்காரி ஒண்ணு சொல்றா. கடைக்காரர் சாயந்தரத்துக்குள்ள சொல்லுங்கறார். எது சரி?

மாங்காமண்டி:
பேரையே சொல்லலையே சாமி. எதுல எழுதணும், தமிழா இங்கிலீஷா?

எண் வித்தகர்:
பிறந்த தேதி அனுப்புங்க. கூட்டுத்தொகை பார்க்காம எழுத்து வைக்காதீங்க. ஒரு எழுத்து கூடினா வாழ்க்கையே மாறும்.

ஓசூர்க்காரி:
கடைன்னா கேக்கா, பேனரா? பர்த் சர்டிபிகேட்னா கடைக்காரர் கையில ஒண்ணும் இல்லண்ணா.

தகடூரான்:
கேள்வி கேட்கத் தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். பத்து வருடமாக இங்கே இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாலக்கோடு அப்பன்:
மன்னிக்கணும், பாப்பா தூங்கற நேரத்துல அடிச்சது. பேர் யாழினி, கூப்பிடறது யாழி. பாப்பாவுக்குப் பால் புகட்டற வெள்ளிப் பாலாடையில பேர் வெட்டணும். வெட்டறவர் 'ழ' வேணாம், கீழ வால் சுழிக்க இடம் பத்தாது, 'ள' போட்டுக்கலாம்கறார். அம்மாவும் அப்படித்தான் சொல்றாங்க, அவங்க வாயில வர்றதே யாளிதான். வீட்டுக்காரி இங்கிலீஷ்ல போட்டுடலாம்கறா.

மாங்காமண்டி:
ஐயோ, 'ள' போட்டா கோயில் தூண்ல நிக்குமே, சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, அந்த யாளி! பால் குடிக்கற புள்ளைக்கா?

ஓசூர்க்காரி:
இங்கிலீஷ்ல இசட் ஹெச் போட்டா பெங்களூர்ல யாஸின்னு படிப்பாங்க. என் தங்கச்சி பொண்ணு கயல்விழி, அங்க பாலர் பள்ளியில விஸி ஆயிட்டா. எல் போட்டா யாலி. எப்படியும் தப்புதான், தமிழ்லயே வெட்டுங்க.

எண் வித்தகர்:
எல் போடுங்க, இசட் ஆகாது.

மாங்காமண்டி:
உங்க கணக்கையே போட்டுப் பார்த்தேன் சார். இசட் ஹெச் வச்சா 15, கூட்டினா 6. எல் வச்சாலும் 6. கடைசி ஐ-க்குப் பதில் ரெண்டு ஈ போட்டா 24, அதுவும் 6. எந்த வாழ்க்கை மாறுது?

தகடூரான்:
யாழ் என்பது நரம்புக் கருவி. 'ழ' மட்டுமே சரி. தர்மபுரி என்று எழுதும் ஊரில் இதை யார் கேட்கப் போகிறார்கள்? தனிக்குறிலை அடுத்து 'ர்' ஒற்று வராது. தருமபுரி.

மாங்காமண்டி:
அப்ப எங்க ஊரைக் கிருட்டிணகிரின்னு எழுதணுமா? நல்லவேளை 2004-லயே உங்க மாவட்டத்துல இருந்து பிரிஞ்சுட்டோம்.

தகடூரான்:
ஆம், கிருட்டிணகிரிதான்.

மாங்காமண்டி:
மாம்பழக் கூடையில அப்படி எழுதி அனுப்பினா லாரிக்காரன் வேற ஊருக்குக் கொண்டு போயிடுவான்.

ஓசூர்க்காரி:
ரெண்டு பேரும் தனியா வச்சுக்குங்க. அண்ணா, பாலாடையில எப்படி இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. சர்டிபிகேட்ல யாழினியோட இங்கிலீஷ் எழுத்தை முதல்ல முடிவு பண்ணுங்க, பள்ளிக்கூடம், பாஸ்போர்ட்னு அதுதான் கூடவே வரும். பிறப்பைப் பதிஞ்ச நாள்ல இருந்து 12 மாசத்துக்குள்ள பேர் சேர்த்தா கட்டணம் கிடையாது. அப்புறம்னா தாமதக் கட்டணம், அதுவும் 15 வருஷம் வரைக்கும்தான். வெட்டறவர்கிட்ட விளிம்புல வேணாம், கைப்பிடிக்குக் கீழ வயித்துப் பக்கம் வெட்டச் சொல்லுங்க, அங்க இடம் இருக்கும்.

தகடூரான்:
தர்மம் வேறு, தருமம் வேறு என்று நினைப்பவர்களுக்காக மீண்டும் சொல்கிறேன்...

பாலக்கோடு அப்பன்:
வெட்டியாச்சு. வயித்துப் பக்கம்தான், 'ழ'. வால் கொஞ்சம் நீண்டு பக்கத்துப் பூக்கொடியோட சேர்ந்துடுச்சு, தெரியாதவங்களுக்குக் கொடி மாதிரியே இருக்கு. அம்மா பார்த்துட்டு, யாளி நல்லா இருக்காங்கறாங்க. நன்றி.

ஓசூர்க்காரி:
சந்தோஷம்ணா. சர்டிபிகேட்ல என்ன எழுத்து போடப் போறீங்க?

ஓசூர்க்காரி:
அண்ணா?