சம்பளம் குறைந்துவிட்டது, மகளுக்கான ஜீவனாம்சத்தைக் குறைக்க என்ன வழி?

முனிர்க்கா_மாடிவீடு:
வணக்கம். டில்லியில் யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள், ஐந்து நாளாகத் தூக்கமில்லை. நானும் மனைவியும் 2020 முதல் பிரிந்து இருக்கிறோம், விவாகரத்து வழக்கு எதுவும் இல்லை. மகளுக்கு 11 வயது, அம்மாவோடு மயூர் விஹாரில் இருக்கிறாள். 2021ல் கர்க்கர்டூமா கோர்ட்டில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125வது பிரிவின் கீழ் மகளுக்கு மட்டும் மாதம் 18,000 என்று உத்தரவானது. அப்போது கைக்கு 92,000 வந்தது. அந்த வேலை போய், இரண்டு மாதம் சும்மா இருந்து, இப்போது வேறு இடத்தில் 58,000. வாடகை 16,000, கார் இஎம்ஐ 11,000, ஊரில் அம்மாவுக்கு மருந்துச் செலவு. வேறு வழி தெரியாமல் நானே கணக்குப் போட்டு நாலு மாதமாக மாதம் 9,000தான் அனுப்பினேன். நடுவில் பள்ளிப் பேருந்துக்கு 6,500 நேராகக் கட்டினேன், ஒரு டேப்லெட்டும் வாங்கிக் கொடுத்தேன். இப்போது பாக்கி கேட்டு மனு போட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஜெயில் என்கிறார். சம்பளத்தில் 25 சதவீதம்தான் சட்டம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார், அப்படியானால் 14,500தானே வரும்?

கரோல்பாக்_காப்பி:
எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு வருடம் இழுத்தடித்தார், பாக்கி காலாவதி ஆகிவிட்டது. நீங்களும் பேசாமல் இருங்கள் சார்.

பழைய_குமாஸ்தா:
காப்பி சார், இந்த யோசனையை தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்பது பாக்கியை வசூலிக்க வாரண்ட் கேட்பதற்கான கெடு. இவர் விஷயத்தில் அந்தம்மா நாலே மாதத்தில் போட்டுவிட்டார். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம், வைத்தாலும் கடன் தீராது. உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் பணம் பணம்தான் என்று சுப்ரீம் கோர்ட் 1989லேயே சொல்லிவிட்டது.

மாடிவீடு தம்பி, 22 வருடம் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன், உங்களை மாதிரி ஆளை மாதம் ஒருவரையாவது பார்ப்பேன். சம்பளம் குறைந்ததில் தப்பில்லை, நீங்களே குறைத்ததுதான் தப்பு. உத்தரவில் 18,000 என்று இருக்கும் வரை மாதம் 18,000 ஏறிக்கொண்டேதான் இருக்கும். நாலு மாதத்துக்கு 36,000 பாக்கி. பேருந்துக் கட்டணமும் டேப்லெட்டும் அப்பா ஆசையாகச் செய்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், உத்தரவில் அப்படிக் கட்டலாம் என்று இருந்தால் ஒழிய. ரசீதை வைத்திருங்கள், ஆனால் அதை நம்பிக் கழிக்காதீர்கள்.

மாற்ற வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 127வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 146வது பிரிவு. நிலைமை மாறிவிட்டது என்று அதே கோர்ட்டில் மனு. குறைத்தாலும் பெரும்பாலும் மனு போட்ட தேதியிலிருந்துதான் குறைப்பார்கள், முந்தைய பாக்கி கரையாது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

முனிர்க்கா_மாடிவீடு:
அப்போ அந்த 25 சதவீதம்? இஎம்ஐயைக் கழிக்க மாட்டார்களா?

பழைய_குமாஸ்தா:
25 என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. 2017ல் சுப்ரீம் கோர்ட் ஒரு மனைவியின் ஜீவனாம்ச வழக்கில் கணவனின் நிகரச் சம்பளத்தில் கால்வாசி நியாயம் என்றது, அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பேசுகிறார்கள். டில்லி ஹைகோர்ட்டில் 2004ல் வேறு ஒரு கணக்கு வந்தது, குடும்பத்து வருமானத்தை ஒரு கேக் மாதிரி வெட்டி, சம்பாதிக்கிறவருக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. உங்கள் வீட்டில் உங்களுக்கு 2, மனைவிக்கு 1, மகளுக்கு 1, மொத்தம் நாலு. 58,000ஐ நாலால் வகுத்தால் அதே 14,500, ஒரே குழந்தை என்பதால் அப்படி ஒத்துப்போகிறது. இரண்டு குழந்தை என்றால் ஐந்து பங்காகிவிடும். எல்லா ஜட்ஜும் இந்த வாய்ப்பாட்டைப் போடுவார்கள் என்று இல்லை, பேரம் பேச உதவும். அம்மாவும் சம்பாதித்தால் இரண்டு பேரும் சம்பளத்துக்குத் தக்கபடி குழந்தைக்குப் போட வேண்டும் என்றும் 2000ல் ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. உங்கள் மனைவி வேலைக்குப் போகிறாரா?

வருமான வரியும் பிஎஃபும் கழியும். கார் இஎம்ஐ நீங்கள் விரும்பி வாங்கிய கடன், அதைச் சொன்னால் ஜட்ஜ் முகம் மாறும், நான் பார்த்திருக்கிறேன்.

ரோஹிணி_அம்மா:
நான் எதிர்ப்பக்கம், ஆனாலும் சொல்கிறேன். என் மகனுக்கு 2016ல் 7,000 ஆனது, போன வருடம் 15,000 ஆக்கினேன். பள்ளிக் கட்டணம் ஏறியதும் நிலைமை மாறியதில் சேரும், அந்த ரசீதுகளை ஒரு ஃபைல் நிறைய வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும், 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதைக் கட்டாயம் ஆக்கியது. என் சம்பளத்தையும் ஒளிக்காமல் எழுதினேன், என் வீட்டுக்காரர் ஒரு வங்கிக் கணக்கை எழுதவில்லை, ஜட்ஜ் அதைப் பிடித்தபிறகு அவர் பேச்சு எடுபடவில்லை. எனக்கு வக்கீல் கோர்ட் வளாகத்திலேயே இலவசச் சட்ட உதவியில் கிடைத்தார், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்க மாட்டார்கள். உங்கள் மனைவிக்கும் கிடைப்பார் என்பதை ஞாபகம் வையுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். வேலை போனதை அவரிடம் சொன்னீர்களா? முதல் மாதம் 18க்குப் பதில் 9 வந்தபோது நான் வங்கியில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பேன்.

முனிர்க்கா_மாடிவீடு:
சொல்லவில்லை அக்கா. மனைவி ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறார், எவ்வளவு சம்பளம் என்று தெரியாது.

முனிர்க்கா_மாடிவீடு (ஆறு வாரம் கழித்து):
மறந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு நண்பரிடம் கடன் வாங்கி 36,000த்தையும் கட்டினேன். 146ல் மனு போட்டாயிற்று, பழைய கம்பெனியின் பணிநீக்கக் கடிதமும் புதிய சம்பளச் சீட்டும் வைத்திருக்கிறேன். ஜட்ஜ் இரண்டு பேரையும் மீடியேஷனுக்கு, அதாவது சமரசப் பேச்சுக்கு அனுப்பினார். மாதம் 14,000, பள்ளிக் கட்டணம் ஏறினால் ஏறியதில் பாதி என்று பேசியிருக்கிறோம், எழுதிக் கோர்ட்டில் பதிவாக வேண்டும். அடுத்த தாரீக் (விசாரணைத் தேதி) வரை 18,000தான் போகிறது, குமாஸ்தா ஐயா சொன்னபடி. கார் விற்பனைக்கு இருக்கிறது, 2019 மாடல், சிஎன்ஜி, வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.