வேக்ரன்ட் பறவைக்குத் தமிழ்ச்சொல்: ‘வம்பப்பறவை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக வாழும், வந்துபோகும் எல்லைக்கு வெளியே எப்போதாவது தென்படும் பறவையை ஆங்கிலத்தில் வேக்ரன்ட் (vagrant) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழையில் வந்த மடல்களையெல்லாம் படித்தேன். என் பரிந்துரைக்கு முன் இரண்டு மறுப்புகள்.

> ‘வழிதவறிய பறவை’ என்றால் எல்லாருக்கும் புரிகிறதே. அப்புறம் ஏன் வேறு சொல்?

புரிகிறது, சரி. ஆனால் அந்தச் சொல் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. புயல் கரையில் தள்ளிவிட்ட நடுக்கடல் ஆலா (கடற்பறவை) வழி தவறவில்லை, காற்று கொண்டுவந்து போட்டது. தெற்கு ஐரோப்பாவோடு நிற்கவேண்டிய பஞ்சுருட்டான் (bee-eater) சில வசந்தங்களில் இங்கிலாந்துவரை போய்விடுகிறது. திசை சரிதான், தூரம்தான் மிஞ்சிவிட்டது. பறவை ஏன் வந்தது என்பது பார்த்தவருக்குப் பெரும்பாலும் தெரியாது. வழக்கமான எல்லைக்கு வெளியே நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியும். கலைச்சொல்லும் அதோடு நிற்கட்டும்.

> ‘அரிய பறவை’ போதாதா?

போதாது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மருது மரங்களில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு மிக அரிது. ஆனால் அதற்கு அதுதான் சொந்த ஊர். வேக்ரன்ட் என்றால் அடித்துவிடுவார்கள்!

‘வந்தேறி’யை அயல் உயிரினங்களுக்குக் கொடுத்தாயிற்று, அரசியல் காரமும் அதில் ஏறிவிட்டது. ‘நாடோடி’ என்றால் இரையைத் தேடி ஊர் ஊராகத் திரிபவற்றோடு குழம்பும்.

என் பரிந்துரை ‘வம்பப்பறவை’. குறுந்தொகை 66-இல் கொன்றை காலம் தப்பிப் பூத்துவிடுகிறது. பருவத்துக்கு முன்னே பெய்த மழையைக் கார் என்று நம்பிவிட்டதாம். அந்த மழைக்குப் பெயர் ‘வம்ப மாரி’. புதிதாக ஊருக்குள் வரும் வழிப்போக்கரை ‘வம்பலர்’ என்பதும் பழைய வழக்குதான். எதிர்பாராதது, புதியது, நிலைக்காதது மூன்றும் ‘வம்ப’ என்பதில் இருக்கின்றன. காரணம் எதுவும் இல்லை.

இன்றைக்கு வம்பு என்றால் சண்டை, ஊர்க்கதை. பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நண்பர்கள் எழுதப்போவது தெரியும். சிரிக்கட்டுமே, சொல் மனதில் நிற்கும்.

ஒரு நிஜப் பறவையில் பொருத்திப் பார்க்கிறேன். ஸ்டெல்லர் கடற்கழுகு ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் கம்சாத்கா, ஓகோத்ஸ்க் கடல் பக்கத்துப் பறவை, குளிருக்கு ஜப்பானின் ஹொக்கைதோவரை வரும். அதில் ஒன்று 2020-இல் அலாஸ்காவின் உள்பகுதியில் தென்பட்டது. 2021 மார்ச்சில் டெக்சாஸ், அப்புறம் கிழக்குக் கனடா, அந்த டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், மேய்ன் மாநிலங்கள். ஆரஞ்சு நிறத்தில் முகத்தைவிடப் பெரிதாகத் தெரியும் அலகு, வெள்ளைத் தோள்பட்டை. இறக்கையின் வெள்ளைத் திட்டுகளைப் படங்களில் ஒப்பிட்டு, எல்லாம் ஒரே பறவைதான் என்று பார்வையாளர்கள் பிடித்தார்கள். “மேய்னில் ஒரு வம்பக் கழுகு” என்று தலைப்புப் போட்டுப் பாருங்கள். என் காதுக்கு உறுத்தவில்லை.

நியூயார்க் சென்ட்ரல் பார்க் குளத்தில் 2018-இல் கூட்டம் கூட்டிய மாண்டரின் வாத்தை இதில் சேர்க்கக்கூடாது. அதன் காலில் வளையம் இருந்தது, யாரோ வளர்த்தது. அதற்குத் தனியாக ‘கூண்டுதப்பி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கே சிக்கலாக இருப்பது கூடு கட்டும் பறவைகள். நம் வயலில் மாட்டின் காலடியில் நிற்கும் உண்ணிக்கொக்கு பிரிட்டனில் நெடுங்காலம் வம்பப்பறவைதான். 2008-இல் சாமர்செட்டில் முதன்முதலாகக் கூடு கட்டியது, இன்று அங்கே நிலைத்துவிட்டது. ஆகவே அந்தப் பெயர் இனி அதற்குப் பொருந்தாது. ஆனால் 2022-இல் நார்ஃபோக்கின் டிரிமிங்ஹாம் மணற்குவாரியில் வளை தோண்டிக் குஞ்சு பொரித்த பஞ்சுருட்டான்கள்? கூடு இருக்கிறது, குடியேற்றம் என்று சொல்ல முடியவில்லை. இதற்கு ‘வம்பக்கூடு’ என்று ஒரு சொல் தோன்றுகிறது. கூட்டையே குறிப்பதுபோல ஆகிவிடுமோ என்றும் இருக்கிறது. ‘வம்ப ஈனல்’ என்றால் விலங்குக்குப் போய்விடும்.

‘வம்பப்பறவை’, ‘கூண்டுதப்பி’ இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். வம்பப்பறவை கூடு கட்டுவதைக் குறிக்கும் மூன்றாவதற்கு வேறு சொல்லே கொடுங்கள். சொல்லோடு ஒரு வாக்கியமும் எழுதி அனுப்பினால் பேச வசதியாக இருக்கும்.